எஃபிஷியன்சி: எதைக் கொடுத்து எதை வாங்கினோம்?

பாம்பனில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா டைப் பண்ணித் தருவதும் ஒரு வேலை. கொஞ்ச நாள் முன்பு ஒரு தம்பி வந்தார். ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படிப்பு, அப்புறம் ஒரு ஐஸ் கம்பெனியில் மூன்று வருட வேலை. கையால் எழுதிக்கொண்டு வந்த தாளில் இரண்டு ஆங்கில வரிகள் கண்ணை உறுத்தின. ஒன்று, 'எஃபிஷியன்சி இன் தமிழ், இங்கிலீஷ் அண்ட் ஹிந்தி'. இன்னொன்று, 'ஐ ஆம் அன் எஃபிஷியன்சி பெர்சன்'. இரண்டுமே தப்புதான். ஆனால் தப்பின் ஜாதி வேறு வேறு.

"தம்பி, மொழிக்கு இந்த வார்த்தை ஒட்டாது. ப்ரொஃபிஷியன்சின்னு போடணும்" என்றேன்.

"ரெண்டும் திறமைதானேண்ணே?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கரையில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி தன் டிரைவரை 'எஃபிஷியன்சியான ஆளு' என்று சொன்னால், கெட்டிக்காரர் என்று பொருள். இன்ஜின் விற்கிறவர் அதே சொல்லைச் சொன்னால் டீசல் சிக்கனம். ஃப்ரிட்ஜ் கதவில் நட்சத்திரம் போட்டு ஒட்டியிருந்தால் கரண்ட் பில். மேடையில் மைக் பிடித்தவர் சொன்னால் என்ன பொருள் என்று அவரிடமே கேட்டாலும் தெரியாது. ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை எப்படி வந்தது என்று பார்த்தால்தான், அதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது விளங்கும்.

பிறப்பு லத்தீனில். 'ஃபகெரே' என்றால் செய்தல். அதோடு வெளியே, முற்றாக என்ற பொருளில் ஒரு முன்னொட்டு சேர்ந்து 'எஃபிகெரே' ஆனது: செய்து முடித்தல், ஒன்றை நிகழ்த்திக் காட்டுதல். எஃபெக்ட், எஃபெக்டிவ், எஃபிகஸி, எஃபிஷியன்ட் நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ப்ரொஃபிஷியன்ட், சஃபிஷியன்ட், டெஃபிஷியன்ட் மூன்றும் சித்தப்பா, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள். வேர் அதே 'ஃபகெரே', முன்னொட்டு மட்டும் வேறு. முகச்சாடை ஒன்றாக இருப்பதால்தான் நம் தம்பி மாதிரி ஆட்கள் ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார்கள்.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது சிக்கனம், மிச்சம் என்ற வாசனையே அதில் கிடையாது. ஒன்றை நிகழ்த்தும் ஆற்றல், அவ்வளவுதான். தத்துவப் படிப்பில் 'எஃபிஷியன்ட் காஸ்' என்று ஒன்று உண்டு. அரிஸ்டாட்டில் நான்காகப் பிரித்த காரணங்களில் ஒன்றுக்குப் பின்னால் வந்த பெயர் அது. சைவ சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பார்கள். அந்த நிமித்த காரணம்தான் எஃபிஷியன்ட் காஸ். நம் கரைக்குக் கொண்டுவந்தால், வத்தை என்கிற நாட்டுப்படகுக்குப் பலகை முதற்காரணம், உளியும் வாளும் துணைக்காரணம், ஆசாரி நிமித்த காரணம். ஆசாரி எவ்வளவு பலகையை வீணாக்கினார் என்று அந்தக் காலத்துச் சொல் கேட்காது. வத்தை உருவானதா, உருவாக்கியது யார், அது மட்டுமே அதற்குப் போதும்.

கணக்குக் கேட்கத் தொடங்கியது இன்ஜின் வந்த பிறகு. நீராவி இன்ஜினுக்கு நிலக்கரி போட்டவர்கள், போட்டதில் எவ்வளவு வேலையாக மாறுகிறது என்று பார்த்தார்கள். சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1824இல், வெப்பத்தால் ஓடும் எந்த இன்ஜினும் தரக்கூடிய வேலைக்கு ஒரு மேல் வரம்பு உண்டு என்று காட்டினார். எவ்வளவு நல்ல மெக்கானிக் வந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், போட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள விகிதத்துக்கு எஃபிஷியன்சி என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கே போனாலும் ஒரு வகுத்தல் கணக்கையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறது.

விசைப்படகின் டீசலை வைத்தே போட்டுப் பார்க்கலாம். படகு இன்ஜின் ஒன்று டீசலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருக்கலாம், அதைத்தான் தண்டைச் சுற்றுவதற்குத் தருகிறது. மிச்சம் புகையோடு மேலே போகிறது, குளிர்விக்கும் தண்ணீரோடு கடலுக்குப் போகிறது. தண்டைச் சுற்றியதிலும் முழுவதும் படகைத் தள்ளாது. தண்டின் முனையில் சுழலும் காற்றாடி தண்ணீரைக் கலக்கிச் சுழற்றுவதில் ஏறக்குறைய பாதி போய்விடும். மூன்றில் ஒன்று, அதில் பாதி. 100 லிட்டர் டீசல் ஊற்றினால் 16, 17 லிட்டருக்கான ஆற்றல்தான் படகை முன்னே தள்ளியிருக்கும். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் அந்தத் தள்ளலுக்குக் கிடைக்கும் தூரமும் குறையும். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சுரண்டி பெயின்ட் அடிப்பதில் அழகுக்கு இருக்கும் பங்கை விட டீசலுக்கு இருக்கும் பங்கு பெரிது.

இதே படகில் இன்னொரு விஷயம். எஃபிஷியன்சி என்றால் வேகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 'எஃபிஷியன்ட்டா முடிச்சிட்டான்' என்றால் சுருக்கா முடித்தான் என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். கடலில் இது நேர் தலைகீழ். தண்ணீரைக் கிழித்துப் போகிற படகுக்கு வேண்டிய விசைத்திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் மணிக்கு எரியும் டீசல் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். பயண நேரம் கொஞ்சம் கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால்கூட, அதே தூரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு டீசல் மிச்சம். ஆனால் ஏலத்துக்கு முதலில் வந்த படகின் மீனுக்கு நல்ல விலை. டிரைவர் அதனால்தான் இன்ஜினை அமுக்குகிறார். அவர் டீசலை வீணாக்குகிறார் என்று புத்தகம் சொல்லும். நேரத்தைக் காசாக்குகிறார் என்று சம்மாட்டி சொல்வார். இரண்டு பேரும் வகுத்தல் கணக்குதான் போடுகிறார்கள்; எதால் வகுப்பது என்பதில்தான் தகராறு.

உண்மையில் இந்தக் கருத்து நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. புது பைக் வாங்கியவரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, 'எவ்வளவு கொடுக்குது?' லிட்டருக்கு என்று சொல்லக்கூட வேண்டாம். நான் இதைப் போடுகிறேன், நீ எனக்கு என்ன தருகிறாய் என்பதுதான் எஃபிஷியன்சி. 'கட்டுபடி ஆகுமா?' என்று கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான், காசு வடிவத்தில்.

கிட்டத்தட்ட என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்பது கறாரான பொருளில் எஃபிஷியன்சி ஆகாது. போட்டது பெட்ரோல், கிடைத்தது தூரம். இரண்டும் வேறு வேறு பொருள். அதை ஃபியூவல் எகானமி என்பார்கள், நாம் மைலேஜ் என்கிறோம். கறாரான எஃபிஷியன்சியில் மேலேயும் கீழேயும் ஒரே இனம் இருக்க வேண்டும்: ஆற்றல் போட்டு ஆற்றல் வாங்குவது. அப்போதுதான் அலகு அடிபட்டுப் போய் வெறும் சதவீதம் மிஞ்சும். அது 100ஐத் தாண்டவும் முடியாது. பேச்சு வழக்கில் மைலேஜுக்கும் 'ஃபியூவல் எஃபிஷியன்சி' என்று சொல்வது ஆங்கிலத்தில் ஏற்றுக்கொண்ட வழக்குதான், அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். பரீட்சைத் தாளில் எழுதும்போது மட்டும் கவனம் தேவை.

பல்பு விஷயத்தில் ஆங்கிலமே கறாராக இருக்கிறது. போடுவது வாட், கிடைப்பது லூமன் என்ற வெளிச்ச அளவு. அலகு மாறிவிட்டதால் அங்கே எஃபிகஸி என்ற அக்கா சொல்தான் வரும். பழைய குண்டு பல்பு வாட்டுக்குச் சுமார் 15 லூமன் கொடுத்தது, இப்போது எல்.இ.டி. 100 கொடுக்கிறது. மருந்துக்கும் எஃபிகஸிதான். கொரோனா காலத்தில் தடுப்பூசிச் செய்திகளில் இந்தச் சொல்லைத் தினமும் பார்த்தோம். சோதனையில், கட்டுப்பாடான சூழலில், எவ்வளவு காத்தது என்பது எஃபிகஸி. ஊரில் எல்லாருக்கும் போட்ட பிறகு எவ்வளவு காத்தது என்பது எஃபெக்டிவ்னெஸ். தடுப்பூசிக்கு எஃபிஷியன்சி என்று எழுதினால் ஊசி டீசல் குடிக்கிற மாதிரி ஆகிவிடும்.

ஏ.சி.யும் ஐஸ் கம்பெனியும் இன்னொரு வேடிக்கை. ஒரு யூனிட் கரண்ட் போட்டு மூன்று, நாலு யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளுகிறது ஏ.சி. அப்படியானால் 300 சதவீதமா? இல்லை. ஏ.சி. வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கிற வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சுமந்து போகிறது. சுமைதூக்கும் தொழிலாளி தான் சாப்பிட்ட சோற்றின் எடையை விடப் பல மடங்கு மூட்டை தூக்குவதில் அதிசயம் இல்லையே. அதனால் அங்கே சதவீதம் போடாமல் 'எனர்ஜி எஃபிஷியன்சி ரேஷியோ' என்று ஓர் எண்ணைப் போடுகிறார்கள். நட்சத்திர ஒட்டியில் இருப்பது அதையே வருடத்தின் பருவங்களுக்கு ஏற்பச் சராசரி பார்த்த எண். அந்த ஒட்டியை நடத்துவது பீரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்சி. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்படி 2002இல் அமைந்த மத்திய அரசு நிறுவனம் அது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? இங்கேதான் நமக்கு உண்மையான சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூலில் வெப்ப இயந்திரத்தின் எஃபிஷியன்சிக்குப் பயனுறுதிறன் என்று பெயர். போட்டதில் பயன்பட்டது எவ்வளவு என்று சொல்லே சொல்லிவிடுகிறது. நல்ல சொல். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி அது வெளியே வரவில்லை. செய்தித்தாளில் செயல்திறன் என்று போடுகிறார்கள். அதே செயல்திறன் பெர்ஃபார்மன்ஸுக்கும் வருகிறது. 'இன்ஜினின் செயல்திறன் கூடியது' என்று படித்தால், அது வேகமாக ஓடுகிறதா, குறைவாகக் குடிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. போதாக்குறைக்கு நம் இயற்பியலில் வெறும் 'திறன்' என்றால் பவர், அதாவது வாட். திறமையும் திறன், பவரும் திறன், எஃபிஷியன்சியும் ஏதோ ஒரு திறன். அந்தத் தம்பி 'ரெண்டும் திறமைதானே' என்று கேட்டதில் பாதிப் பழி நம் கலைச்சொல்காரர்கள் மேல்தான் விழ வேண்டும்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பவருக்கு வலு, எனர்ஜிக்குச் சக்தி என்று பிரித்துவிட்டு, எஃபிஷியன்சிக்கு வினைத்திறன் என்று ஒரு தனிச் சொல்லை இலங்கைத் தமிழ் வைத்துக்கொண்டது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்கள் கரையில் பெரியவர்கள் காதில் அந்தச் சொல் விழாமல் இருந்திருக்காது. எனக்குப் பிடித்ததும் அதுதான். வினை என்பதற்குள் செய்கிற காரியமும் இருக்கிறது, அதன் பலனும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இலங்கை அரசுப் பணியில் இன்றும் 'வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை' உண்டு. முதல் தடவை கேட்டபோது ஏதோ விளையாட்டுப் போட்டி என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் எஃபிஷியன்சி பார், சுருக்கமாக இ.பி. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. நம் பக்கமும் இருந்தது. 1986இல் வந்த மத்திய அரசு ஊதிய விகிதத்தில் இளநிலை எழுத்தருக்கு 950-20-1150-இ.பி.-25-1500 என்று இருக்கும். 950 ரூபாயில் சேர்ந்து வருடம் 20 ரூபாய் ஏறி 1150ஐத் தொட்டால், நடுவே இ.பி. என்ற கதவு. வேலைக்குத் தகுதியாக இருக்கிறார் என்று மேலதிகாரி சொன்னால்தான் கதவு திறக்கும், பிறகு 25 ஏறும். அந்த எஃபிஷியன்சிக்கும் டீசல் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. அது சொல்லின் பழைய பொருள்: கொடுத்த காரியத்தை முடிக்கக்கூடிய ஆளா என்பது. அடுத்த ஊதியக் குழுவோடு நம் பக்கம் அந்தக் கதவு போய்விட்டது. என் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் மட்டும் இப்போதும் யாராவது எதிலாவது தேங்கி நின்றால் 'இ.பி.யில மாட்டிக்கிட்டான்' என்பார்.

விகிதம் என்று ஆனபின் அந்தச் சொல்லுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. 'எதற்கு எதை?' என்று கேட்காமல் அதைப் பயன்படுத்தினால் வாக்கியம் காலியாகவே இருக்கும். இதற்கு எங்கள் மாவட்டத்தை விட நல்ல பாடம் கிடைக்காது.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலிருந்து இருக்கிறது. ஏறக்குறைய 2,500 ஏக்கர். சூரியத் தகடு தன் மேல் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்ட்டாக மாற்றும். நல்ல தகட்டுக்கு 20 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். ஒற்றை அடுக்கு சிலிக்கான் தகட்டுக்கு ஏறக்குறைய 30 சதவீதம்தான் மேல் வரம்பு என்று 1961லேயே இயற்பியல் கணக்கு வந்துவிட்டது. வெயில் நிறைய அடித்தால் நல்லதுதானே என்றால், அதிலும் ஒரு கொக்கி. தகட்டின் மேல் எழுதியிருக்கும் எண் 25 டிகிரி வெப்பத்தில் சோதித்தது. சூடு ஏற ஏற, டிகிரிக்கு 0.4 சதவீதம் போலக் குறைந்துகொண்டே போகும். கமுதி வெயிலில் தகடு கொதிக்கும். 'வெறும் 20 பர்சென்ட்டா? தண்டம்' என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். டீசல் இன்ஜினின் 35ஐப் பார்க்கையில் அப்படித் தோன்றும். ஆனால் டீசலுக்குக் காசு கொடுக்கிறோம், வெயிலுக்கு யார் பில் போடுகிறார்கள்? வெயிலால் வகுப்பதில் வியாபாரிக்கு அக்கறை இல்லை. நிலத்தால் வகுத்தால், முதலீட்டால் வகுத்தால், தகடு கழுவும் தண்ணீரால் வகுத்தால்தான் அவருக்கு வலிக்கும். தண்ணீர் இல்லாத சீமையில் அந்தத் தகடுகளை ரோபோ வைத்துத் துடைக்கிறார்கள்.

வாலிநோக்கம் உப்பளமும் அப்படித்தான். தமிழ்நாடு உப்பு நிறுவனம் அங்கே உப்பு எடுக்கிறது. கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை பாகையில் உள்ளே வரும்; பாகை என்பது உப்பின் அடர்த்தியைச் சொல்லும் அளவு. பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி 25 பாகை ஆகும்போது உப்பு பூக்கத் தொடங்கும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் உப்பு ஒரு கைப்பிடிக்கும் குறைவு, மற்றதெல்லாம் ஆவி. அந்த ஆவிக்குச் செலவான வெப்பத்தை விறகு போட்டு எரிப்பதாக இருந்தால் உப்பு தங்க விலை விற்கும். வெப்பக் கணக்கில் இதன் எஃபிஷியன்சி என்ன என்று உப்பளத்தில் யாரும் கேட்பதில்லை. ஏக்கருக்கு எத்தனை டன், வாருவதற்கு எத்தனை ஆள், மழைக்கு முன் எத்தனை வாரு, இவைதான் அங்கே வகுக்கும் எண்கள். முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி வந்தால் சரி. நவீன உலையில் இதைவிடக் கூட வரும். ஆனால் கருவேலம் தானாக முளைக்கிறது, மண் மூட்டத்துக்கு முதலீடு கிடையாது. மூட்டக்காரர் எதைச் சேமிக்க வேண்டுமோ அதைச் சேமித்துக்கொண்டிருக்கிறார்.

கடலுக்குள் இந்தக் கணக்கு விவகாரமாக மாறிவிடுகிறது. இழுவை மடி போடும் விசைப்படகு ஒரு நாளில் அள்ளி வருவதை வத்தையில் போகிறவர் ஒரு மாதத்தில் பிடிக்க மாட்டார். ஆளால் வகுத்தால், நேரத்தால் வகுத்தால் விசைப்படகுதான் எஃபிஷியன்ட். டீசலால் வகுத்தால், கச்சான் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் பாய் விரித்துப் போன வத்தைக்கு வகுக்கும் எண்ணே பூஜ்யம், கணக்கே நின்றுவிடுகிறது. பிடித்ததில் எவ்வளவு விற்கிற மீன், எவ்வளவு கழிவு என்று பார்த்தால் செவுள் வலை முன்னால் நிற்கும். அடுத்த வருடம் அதே இடத்தில் மீன்பாடு இருக்குமா என்பதை வகுக்கும் எண்ணாகப் போட்டால் விடை இன்னும் மாறும்.

ஆகவே உலகத்தில் மீன்பிடிச் சட்டம் பெரும்பாலும் எஃபிஷியன்சியைக் குறைக்கிற சட்டமாகவே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் 45 நாளாக இருந்த தடைக்காலம் 2017இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று ஒரு பழைய ஏற்பாடு. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை. அந்த மடி நன்றாக மீன் பிடிக்காது என்பதற்காகவா தடை? அளவுக்கு மீறி நன்றாகப் பிடிக்கும் என்பதற்காகத்தான். சட்டம் போடாமலே இதைச் செய்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் பெண்கள், மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்புச் சுரண்டி வைத்துச் சுரண்டுவதில்லை, விரலில் துணி சுற்றிக்கொண்டு கையால் பறிப்பது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். சுரண்டி வைத்தால் மணிக்குக் கூடுதல் கிலோ. கையால் பறித்தால் அடிப்பகுதி மிஞ்சும், மறுபடி வளரும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. எஃபிஷியன்சி கூடினால் செலவு குறையும் என்று எல்லாரும் நம்புகிறோம். இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இல் வேறு மாதிரி சொன்னார்: நீராவி இன்ஜின்கள் கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியபின் நாட்டின் மொத்தக் கரிச் செலவு ஏறித்தான் போனது. மலிவாக ஓடுகிற இன்ஜினை நாலு இடத்தில் கூடுதலாகப் பூட்டினார்கள். கரண்ட் குறைவாக இழுக்கும் ஏ.சி. வந்ததும் இரண்டாவது அறைக்கும் ஒன்று வாங்கிய என் வீட்டைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

எஃபிஷியன்ட், எஃபெக்டிவ் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு என் கடையிலிருந்து தெரிகிற பாலமே போதும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுத் தூக்குப் பகுதியை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். கப்பல் போயிற்று, பாலம் மூடியது. எஃபெக்டிவ் என்றால் இவ்வளவுதான்: நினைத்த காரியம் நடந்ததா? நூறு வருடம் நடந்தது. ஆனால் எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று கேட்டால் அது எஃபிஷியன்ட் இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது, மோட்டாரால், சில நிமிடங்களில்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாலத்தின் கர்டர்களும் கடலுக்குள் போயின. சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். இதை எல்லாரும் வேகத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். புதிதாகச் செய்து கொண்டுவந்திருந்தால் பாலம் நின்றிருக்கும், வேலை எஃபெக்டிவ்தான். கடலிலிருந்தே எடுத்துப் போட்டதில்தான் எஃபிஷியன்சி இருக்கிறது. வேகம் அதன் கூடவே வந்தது.

இனி இலக்கணம், சுருக்கமாக. எஃபிஷியன்சி பெயர்ச்சொல், எஃபிஷியன்ட் பெயரடை, எஃபிஷியன்ட்லி வினையடை. அதனால் 'எஃபிஷியன்சி பெர்சன்' ஆகாது, 'அன் எஃபிஷியன்ட் வொர்க்கர்' என்று வர வேண்டும். எஃபிஷியன்சி பொதுவாக எண்ண முடியாத பெயர். தண்ணீர், அறிவு மாதிரி. முன்னால் 'அன்' போட்டு விட்டுவிட முடியாது. ஆனால் 'அன் எஃபிஷியன்சி ஆஃப் 35 பர்சென்ட்' என்று அளவோடு சொன்னால் சரி. பன்மையில் 'எஃபிஷியன்சீஸ்' என்று கம்பெனி அறிக்கையில் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். செலவுக் குறைப்பு என்று அர்த்தம், பெரும்பாலும் ஆள் குறைப்பு. அமெரிக்காவில் வீட்டு விளம்பரத்தில் 'எஃபிஷியன்சி' என்று மட்டும் இருந்தால் அது ஒரே அறைக்குள் அடுப்பும் கட்டிலும் இருக்கிற சின்ன வீடு. பொருளின் எஃபிஷியன்சி என்றால் 'ஆஃப்' வரும்: எஃபிஷியன்சி ஆஃப் தி இன்ஜின். ஒரு காரியத்தில் கைத்தேர்ச்சி என்றால் 'எஃபிஷியன்ட் அட்' அல்லது 'இன்'. கூட்டுவது, குறைப்பது, மேம்படுத்துவது எல்லாம் செய்யலாம்: இன்க்ரீஸ், ரெட்யூஸ், இம்ப்ரூவ். 'டூ எஃபிஷியன்சி' என்று சொல்லக் கூடாது. மொழி, கணினி, தையல் போன்ற கற்றுத் தேறிய திறமைக்கு ப்ரொஃபிஷியன்சி.

எழுத்தில் இரண்டு எஃப். அப்புறம் ஐ, சி, ஐ, இ. பள்ளிக்கூடத்தில் 'சி'க்குப் பிறகு இ முதலில், ஐ பிறகு என்று ஒரு வாய்ப்பாடு சொல்லித் தருவார்கள். இந்தச் சொல் அதை மதிக்காது, சயின்ஸ் என்ற சொல்லைப் போலவே. உச்சரிப்பில் நம் ஆட்கள் 'எஃபீசியன்சி' என்று இழுக்கிறார்கள். ஆங்கிலத்தில் இ-ஃபிஷ்-அன்-சி, அழுத்தம் இரண்டாவது அசையில். நடுவில் ஒரு மீன் இருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கப்புறம் யாரும் தப்பாகச் சொல்வதில்லை.

தம்பியின் தாளுக்கு வருகிறேன். மொழி வரியை ப்ரொஃபிஷியன்சி என்று மாற்றிவிட்டு, இரண்டாவது வரியை அடித்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்ப அந்த வார்த்தையை எங்கதாண்ணே போடுறது?"

"ஐஸ் கம்பெனியில என்ன வேலை பார்த்தீங்க?"

கண்டன்சர் குழாய்களில் உப்புத் தண்ணீரால் அடை கட்டிப் போய், கம்ப்ரஸர் திணறி, கரண்ட் தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்ததாம். இவர்தான் அடையைக் கழுவி எடுத்து, உடைந்து கிடந்த தொட்டி மூடிகளுக்குப் புதுப் பலகை போட வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அதே எண்ணிக்கை ஐஸ் பாருக்குக் கரண்ட் பில் குறைந்திருக்கிறது. இதை அவர் தாளில் எழுதவே இல்லை. அது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலைதானே, அதை எதற்கு எழுதுவது என்று நினைத்தாராம்.

'இம்ப்ரூவ்ட் தி எனர்ஜி எஃபிஷியன்சி ஆஃப் தி ஐஸ் ப்ளான்ட் பை' என்று டைப் பண்ணிவிட்டு நிறுத்தினேன்.

"எவ்வளவு குறைஞ்சுது? ஒரு பாருக்கு முன்னாடி எத்தனை யூனிட், இப்ப எத்தனை?"

"பழைய பில்லு எல்லாம் மேனேஜர்ட்ட இருக்கும்ணே. கேட்டுட்டு வாரேன்."

'பை'க்குப் பிறகு கொஞ்சம் இடம் விட்டு, ஃபைலை அவர் பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன்.